ஒரே ஒரு அணுவில் ஆளை அடையாளம் காணும் நொதி

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், உலர் பனிக்கட்டிப் பெட்டியில் வந்திருந்த சின்னக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அக்கா, மேல ஹியூமன்னு போட்டிருக்கு. கீழ பார்த்தா சோர்ஸ் ஈ.கோலைன்னு இருக்கு. இது மனுஷனோடதா, பாக்டீரியாவோடதா? மாத்தி அனுப்பிட்டாங்களா?"

மாற்றியெல்லாம் அனுப்பவில்லை. இரண்டுமே சரிதான். குப்பிக்குள் இருந்தது ஒரு நொதி, அதாவது உடம்பில் வேதிவினைகளை நடத்திவைக்கும் புரதம். மேல் இருந்த பெயர்: ரீகாம்பினன்ட் ஹியூமன் செலினோசிஸ்டீன் லையேஸ். நான்கு வார்த்தை, நான்குமே புதிதாக வருபவரை மிரட்டுகிற வார்த்தை. அவனுக்கு அன்று டீ குடிக்கும் நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். பள்ளியில் படித்த வேதியியல் லேசாக ஞாபகம் இருந்தால் போதும்.

செலினியத்திலிருந்து தொடங்குவோம். 1817இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்சிலியஸ் என்ற வேதியியலாளர், கந்தக அமிலம் தயாரிக்கும் ஆலையில் அடியில் தங்கிய செந்நிற வண்டலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது டெல்லூரியமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் அது புதிய தனிமம் என்று புரிந்தது. டெல்லூரியம் என்ற பெயர் லத்தீனில் பூமியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதனால் அதன் கூட்டாளிக்குக் கிரேக்கத்தில் நிலவைக் குறிக்கும் செலீன் என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார். அது கிடைத்த இடத்தைக் கவனியுங்கள்: கந்தக ஆலை. தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது செலினியம். ஒரே குடும்பம், ஒரே மாதிரி குணம். கந்தகம் இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் செலினியமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த ஒற்றுமைதான் பிறகு நம் நொதிக்குத் தலைவலியாக வரப்போகிறது.

நெடுங்காலம் செலினியத்துக்கு விஷம் என்றுதான் பேர். அந்தப் பேர் பொய்யும் அல்ல. பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பக்கம் சில இடங்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டுவதும் குளம்பு கழல்வதும் பதிவாகியிருக்கின்றன. மனிதருக்கும் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாசனை அடிக்கும்.

ஆனால் 1957இல் கிளாஸ் ஷ்வார்ஸ் என்பவரின் எலி ஆய்வு கதையைத் திருப்பிப் போட்டது. குறிப்பிட்ட ஒரு தீவனத்தில் வளர்ந்த எலிகளின் ஈரல் அழுகிப்போனது. துளியூண்டு செலினியம் சேர்த்துக் கொடுத்தால் ஈரல் தப்பியது. சீனாவின் வடகிழக்கில் கேஷான் என்ற ஊர்ப் பகுதியில் 1935இலிருந்தே இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் அறியப்பட்டிருந்தது. அந்த மண்ணில் செலினியம் மிகக் குறைவு. பின்னாளில் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தபோது புதிதாக நோய் வருவது வெகுவாகக் குறைந்தது. செலினியக் குறைவு மட்டுமே அங்கே குற்றவாளி அல்ல. காக்ஸாக்கி என்ற வைரஸும் கூட்டு. ஆனால் செலினியம் போதிய அளவு இருந்திருந்தால் உடம்பு அந்த வைரஸைச் சமாளித்திருக்கும். பின்லாந்து நாட்டு மண்ணிலும் இதே குறைதான். அவர்கள் 1984இல் உரத்திலேயே செலினியம் கலக்க முடிவெடுத்து, நாட்டு மக்கள் அனைவருக்கும் சாப்பாட்டு வழியாகவே போய்ச் சேரும்படி செய்துவிட்டார்கள்.

வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 55 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் செலினியம் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 50 வருஷத்துக்கு வரும். மீன், முட்டை, கோதுமை, இறைச்சி என்று கலந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். இதற்கென்று மாத்திரை வாங்கி விழுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேவைக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி இவ்வளவு குறுகலாக இருக்கும் சத்துகள் குறைவு.

சரி, இந்தத் துளிச் செலினியத்தை வைத்து உடம்பு என்ன செய்கிறது?

புரதங்கள் அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த மாலைகள். பள்ளியில் 20 அமினோ அமிலங்கள் என்று படித்திருப்போம். 21ஆவது ஒன்று உண்டு. அதன் பெயர் செலினோசிஸ்டீன். சிஸ்டீன் என்பது அந்த இருபதில் ஒன்று, அதில் ஒரு கந்தக அணு இருக்கும். அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு அங்கே செலினியத்தை வைத்தால் செலினோசிஸ்டீன். மற்றபடி இரண்டும் அச்சு அசல் ஒன்று. அமெரிக்காவில் தெரேசா ஸ்டாட்மன் என்ற அம்மையாரின் ஆய்வகம்தான் 1976இல் இதை அடையாளம் கண்டு சொன்னது.

ஒரு அணு மாறியதால் அப்படி என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். நிறைய வருகிறது. சிஸ்டீனின் கந்தகம் ஹைட்ரஜனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், செலினியமோ சுலபத்தில் உதறிவிடும். உடம்பின் சாதாரண அமிலத்தன்மையில் சிஸ்டீன் பெரும்பாலும் ஹைட்ரஜனோடு அடக்கமாக இருக்கிறது, செலினோசிஸ்டீன் ஹைட்ரஜனைத் துறந்து வேலைக்குத் தயாராக நிற்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி செல்லைச் சேதப்படுத்தும் பொருள்களை உடைக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், தைராய்டு ஹார்மோனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகள் என்று, வேகம் தேவைப்படும் இடங்களில் உடம்பு செலினோசிஸ்டீனை வைத்திருக்கிறது. மனித மரபணுத் தொகுதியில் இப்படிச் செலினியம் கொண்ட புரதங்களுக்கான மரபணுக்கள் மொத்தம் 25. அவ்வளவுதான். சின்னக் கூட்டம், ஆனால் அதில் சிலவற்றை நீக்கினால் எலிக்குட்டி கருவிலேயே இறந்துவிடுகிறது.

இப்போது நம் நொதி மேடைக்கு வருகிறது. புரதங்கள் நிரந்தரமானவை அல்ல. செல் பழைய புரதங்களை உடைத்துக்கொண்டே இருக்கும். உடைக்கும்போது சாதாரண அமினோ அமிலங்களை அப்படியே எடுத்து அடுத்த புரதத்தில் கோத்துவிடலாம். செலினோசிஸ்டீனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. பழைய செலினோசிஸ்டீனை நேராகப் புதுப் புரதத்தில் சேர்க்க செல்லிடம் வழி இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் செய்தாக வேண்டும்.

நகை ஆசாரியிடம் பழைய வளையலைக் கொடுத்துவிட்டு மோதிரம் கேட்பது மாதிரிதான் இது. வளையலை வெட்டி மோதிரமாக வளைக்க மாட்டார். உருக்கித் தங்கத்தைத் தனியாக எடுத்து, முதலிலிருந்து செய்வார். அந்த முதல் வேலை, அதாவது செலினோசிஸ்டீனிலிருந்து செலினியத்தைக் கழற்றி எடுப்பது, செலினோசிஸ்டீன் லையேஸின் வேலை. லையேஸ் என்றால் நீரைச் சேர்க்காமல் பிணைப்பை உடைக்கும் நொதி என்று வைத்துக்கொள்ளுங்கள். செலினியம் போனபின் மிஞ்சுவது அலனீன் என்ற சாதாரண அமினோ அமிலம். அதைச் செல் தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். கழற்றிய செலினியத்தை செலினோபாஸ்பேட் சிந்தடேஸ் என்ற இன்னொரு நொதி வாங்கி, ஒரு பாஸ்பேட்டோடு இணைக்கும். அப்புறம், புரதம் கோக்கும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து போகும் கடத்தி ஆர்.என்.ஏ. ஒன்றின் தோளில் உட்கார்ந்திருக்கும் செரீனை இரண்டு படிகளில் மாற்றி, புது செலினோசிஸ்டீன் செய்துவிடும். சாப்பாட்டில் தாவரங்கள் வழியாக வரும் செலினோமெத்தியோனினும் உடம்புக்குள் செலினோசிஸ்டீனாக மாறி இந்த நொதியிடம் வந்து சேர முடியும். ஆக, பழைய சரக்கு, புதுச் சரக்கு இரண்டுக்கும் இது ஒரு வாசல்.

இந்த நொதியை முதலில் பிரித்தெடுத்தவர்கள் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசாக்கி, சோடா குழுவினர். ஆண்டு 1982, எடுத்தது பன்றியின் ஈரலிலிருந்து. அப்போதே அவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சிஸ்டீனைக் கொடுத்தால் இந்த நொதி அதை வெட்டவே இல்லை. சிஸ்டீன் நொதியின் வெட்டும் வேலை நடக்கும் குழிக்குள் வந்து உட்காருகிறது, செலினோசிஸ்டீனுக்கு இடம் கொடுக்காமல் மறிக்கிறது, ஆனால் வெட்டுப்படாமல் அப்படியே எழுந்து போகிறது.

இது ஏன் விசித்திரம்? இந்த நொதிக்கு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பாக்டீரியாவில் சிஸ்டீனிலிருந்து கந்தகத்தைக் கழற்றும் நொதிகள் பல உண்டு. உருவத்திலும் வேலை செய்யும் விதத்திலும் எல்லாம் ஒரே வார்ப்பு. அவற்றில் பலவற்றுக்கு செலினோசிஸ்டீனும் ஒன்றுதான், சிஸ்டீனும் ஒன்றுதான், எது வந்தாலும் வெட்டும். மனித நொதியோ வந்தவர் யார் என்று ஒரே அணுவை வைத்து அடையாளம் கண்டு, சிஸ்டீன் என்றால் கைவைக்காமல் அனுப்பிவிடுகிறது. அதுவும் எப்படிப்பட்ட கூட்டத்தில்? செல்லுக்குள் சிஸ்டீன் தாராளமாக மிதக்கிறது. செலினோசிஸ்டீன் தனியாக இருப்பது அபூர்வம். திருவிழாக் கூட்டத்தில், ஒரே ஜாடையில் ஆயிரம் பேருக்கு நடுவே ஒருவரைத் தேடுகிற வேலை. தவறினால் நல்ல சிஸ்டீனையெல்லாம் வீணாக உடைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமென்றால் மனித நொதி கையில் நிறைய வேண்டும். பன்றி ஈரலை அரைத்த மாதிரி மனித ஈரலை அரைக்க முடியுமா? அங்கேதான் குப்பியில் எழுதியிருந்த முதல் வார்த்தை, ரீகாம்பினன்ட், உள்ளே வருகிறது.

மரபணு என்பது புரதம் செய்வதற்கான எழுத்து வடிவக் குறிப்பு. அந்த எழுத்தும் இலக்கணமும் மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மனித மரபணுவை எடுத்து பாக்டீரியாவிடம் கொடுத்தால் அது தன் பாட்டுக்கு வாசித்து மனிதப் புரதத்தைச் செய்துவிடும். இரண்டு இடத்து டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவதால் அதற்கு ரீகாம்பினன்ட், தமிழில் மறுசேர்க்கை என்று பெயர். இது ஏதோ தூரத்து விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்காரர் இருக்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் மனித இன்சுலின் இதே வழியில் வந்ததுதான். 1978இல் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்து காட்டினார்கள், 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. கியோட்டோவில் பன்றி ஈரலை அரைத்துக்கொண்டிருந்த அதே வருஷம்.

மனித மரபணுவை அப்படியே தூக்கிக் கொடுத்தால் பாக்டீரியாவுக்கு ஓடாது. நம் மரபணுக்களின் நடுநடுவே புரதத்துக்குச் சம்பந்தமில்லாத பத்திகள் வரும். நம் செல் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு வாசிக்கும், பாக்டீரியாவுக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் நம் செல் மரபணுவிலிருந்து எடுத்து, வெட்டித் திருத்திய நகலான செய்தி ஆர்.என்.ஏ.விலிருந்து நகல் எடுத்த டி.என்.ஏ.வைத்தான் கொடுப்பார்கள். அதை பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டி.என்.ஏ.வில் ஒட்டி உள்ளே நுழைப்பார்கள். கூடவே ஒரு தந்திரம்: நொதியின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை வாலாகச் சேர்த்துவிடுவது. லேபிளில் ஹிஸ் டேக் என்று இருப்பது இந்த வால்தான். அதற்கு நிக்கல் என்றால் அப்படியொரு ஒட்டுதல்.

அப்புறம் நடப்பது சமையல். பாக்டீரியாவை ஊட்டக் கரைசலில், 37 டிகிரியில், குலுக்கும் இயந்திரத்தில் வளர்ப்போம். கரைசல் போதிய அளவு கலங்கியதும் ஐ.பி.டி.ஜி. என்ற பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்போம். அதுதான் பாக்டீரியாவுக்கு, இப்போது செய்யத் தொடங்கு என்ற சைகை.

நான் முதல்முறை செய்தபோது சைகை கொடுத்தபிறகும் 37 டிகிரியிலேயே ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் வந்து பாக்டீரியாவை உடைத்துச் சுழற்றிப் பார்த்தால் என் புரதம் முழுக்க அடியில் கட்டியாக உட்கார்ந்திருந்தது. அவசர அவசரமாகச் செய்ததில் சரியாக மடியாமல் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டுவிட்டது. மடியாத நொதி வேலைக்கு ஆகாது. அடுத்த முறை 18 டிகிரிக்குக் குறைத்து, மெதுவாகச் செய்ய விட்டேன். கூடவே கொஞ்சம் வைட்டமின் பி6 வகையையும் கரைசலில் சேர்த்தேன்.

பி6 எதற்கு என்றால், இந்த நொதி தனியாக வேலை செய்யாது. பிரிடாக்சால் பாஸ்பேட் என்ற துணைப்பொருள் அதன் குழிக்குள் இருந்தாக வேண்டும். அது வைட்டமின் பி6 செயல்படும் வடிவம். இந்தத் துணைப்பொருள் புரதத்தோடு பிணைந்திருக்கும்போது மஞ்சள் நிறமாக இருக்கும். அதனால் நமக்கு ஒரு அழகான வசதி. பெரும்பாலான புரதங்கள் தண்ணீர் மாதிரி நிறமற்றவை, கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது அப்படி இல்லை. குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நிக்கல் மணிகள் நிரப்பிய குழாயில் பாக்டீரியாச் சாற்றை ஊற்றுவோம். பாக்டீரியாவின் மற்ற புரதங்கள் எல்லாம் கீழே ஓடிவிடும். வால் வைத்த நம் நொதி நிக்கலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கழுவக் கழுவ மேலே மெல்லிய மஞ்சள் பட்டை ஒன்று தெளிவாகத் தெரியும். அப்புறம் இமிடசோல் கரைசலை ஊற்றினால், அது நிக்கலில் நொதி பிடித்திருந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் பட்டை மெதுவாக நகர்ந்து கீழே இறங்கி, குழாயில் சொட்டும். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் ரொம்பக் கலந்த மாதிரி வெளிர் மஞ்சள். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சொட்டு விழும் இடத்தை விட்டு என்னால் நகர முடிவதில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். செலினோசிஸ்டீன் லையேஸ் என்று பேரிலேயே செலினியத்தை வைத்திருக்கும் இந்த நொதியின் உடலில் ஒரு செலினியம் அணு கூடக் கிடையாது. 445 அமினோ அமிலங்கள், எல்லாம் சாதாரணமானவை. அதனால்தான் ஈ.கோலையில் இவ்வளவு சுலபமாகச் செய்ய முடிகிறது. இதற்கு அடுத்த படியில் இருப்பதாகச் சொன்ன செலினோபாஸ்பேட் சிந்தடேஸ் மனிதரில் இரண்டு வகை. அதில் உண்மையாக வேலை செய்வது இரண்டாவது, அதன் வெட்டு வாயிலேயே ஒரு செலினோசிஸ்டீன் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். செலினோசிஸ்டீனுக்கென்று தனியாக எழுத்துக் குறி கிடையாது. யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்துக் குறியைத்தான் அது பங்குபோட்டுக்கொள்கிறது. அதற்குச் சாதாரணமாக அர்த்தம் முற்றுப்புள்ளி, புரதம் முடிந்தது என்பது. இங்கே நிறுத்தாதே, செலினோசிஸ்டீனை வை என்று சொல்ல, செய்தியில் இன்னொரு இடத்தில் மடிப்பு வடிவ அடையாளம் ஒன்று இருக்கும். நமக்கு அது செய்தியின் வால் பகுதியில், தள்ளி இருக்கும். பாக்டீரியாவுக்கோ அது குறியை ஒட்டியே இருக்க வேண்டும். அதனால் மனித மரபணுவைக் கொடுத்தால் ஈ.கோலை முற்றுப்புள்ளி என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். ஸ்வீடனில் எலியாஸ் ஆர்னேர் குழுவினர் 1999இல் பாக்டீரியாவுக்குப் புரியும் அடையாளத்தை ஒட்டவைத்து, எலியின் செலினியப் புரதம் ஒன்றை ஈ.கோலையிலேயே செய்து காட்டினார்கள். பலர் சுருக்கு வழியாகச் செலினோசிஸ்டீன் இருக்கும் இடத்தில் சிஸ்டீனை வைத்துச் செய்துகொள்கிறார்கள். ஆகவே செலினியப் புரதம் எதையாவது ரீகாம்பினன்டாக வாங்கினால், அந்த ஒரு இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் நொதிக்கு இந்தக் கவலை இல்லை.

நொதி கிடைத்துவிட்டது. வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? செலினோசிஸ்டீனைத் தனியாக வைத்திருக்க முடியாது. காற்றுப் பட்டதும் இரண்டு இரண்டாக ஜோடி சேர்ந்து செலினோசிஸ்டினாகிவிடும். கடைசி எழுத்துகளைக் கவனித்துப் படியுங்கள், டீன் அல்ல டின், இரண்டும் வேறு பொருள். அந்த ஜோடியை எடுத்து, டைதயோத்ரைட்டால் (டி.டி.டி.) என்ற பொருளால் சோதனைக் குழாயிலேயே பிரித்துவிட்டு, நொதியைச் சேர்ப்போம். செலினியம் கழன்று செலினைடாக வரும். அது நச்சுப் பொருள், அதனால் புகைபோக்கி வைத்த மேசையில்தான் செய்ய வேண்டும். பிறகு ஈய அசிடேட் விட்டால் பழுப்பு நிறம் எழும், ஈய செலினைடு. எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் குழாயில் சிஸ்டீனைப் போட்டு அதே மாதிரி செய்தால் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் நடக்காது.

இனி அந்தப் பழைய கேள்வி. 2012இல், ஆர்னேரும் உள்ளிட்ட ஸ்வீடன் ஆய்வாளர்கள் சிலர், இப்படிப் பாக்டீரியாவில் செய்த மனித நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் வழியாக அதன் வடிவத்தை அணு அணுவாக வரைந்தார்கள். குழிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். செலினோசிஸ்டீன் உள்ளே வந்ததும் பிரிடாக்சால் பாஸ்பேட் அதன் நைட்ரஜன் முனையைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்து எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. கார்பனுக்கும் செலினியத்துக்கும் நடுவில் உள்ள பிணைப்பு தளர்கிறது. அந்த நேரம் பார்த்து நொதியின் 388ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டீன் தன் கந்தகத்தால் செலினியத்தைக் கவ்விக்கொள்கிறது. சிஸ்டீனைச் சீண்டாத நொதி, செலினியத்தைப் பிடிக்கத் தன் சொந்தச் சிஸ்டீனைத்தான் கையாக வைத்திருக்கிறது!

இந்தச் சிஸ்டீன் இருப்பது ஆடி அசையும் ஒரு பகுதியில். செலினியத்தைக் கவ்வியபிறகு அந்தப் பகுதி வெளியே திரும்பி, அதை அடுத்த ஆளிடம் கையோடு கை மாற்றிவிடத் தோதாக அமைந்திருக்கிறது. செலினைடைச் செல்லுக்குள் சும்மா அவிழ்த்துவிட்டால் கண்டதையும் தாக்கும். அப்படி அவிழ்த்துவிடாமல் ஒப்படைக்க இந்த ஏற்பாடு.

யார் செலினியம், யார் கந்தகம் என்று தீர்மானிப்பது எது? 146ஆவது இடத்தில் இருக்கும் ஆஸ்பார்டிக் அமிலம் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் என்று அவர்கள் காட்டினார்கள். அதை எடுத்துவிட்டு அங்கே லைசீனை வைத்து மறுபடி பாக்டீரியாவில் நொதியைச் செய்தார்கள். 445இல் ஒரு மாற்றம், அவ்வளவுதான். அந்த நொதி சிஸ்டீனையும் வெட்டத் தொடங்கிவிட்டது. செலினியத்துக்கு மட்டும் என்ற அதன் வைராக்கியம் போய்விட்டது. இந்தச் சோதனையை ஈரலில் இருந்து எடுத்த நொதியில் செய்யவே முடியாது என்பதைக் கவனியுங்கள். இயற்கை கொடுத்ததை மட்டுமே அங்கே எடுக்க முடியும். ரீகாம்பினன்டாகச் செய்யும்போதுதான் மரபணுவில் ஓரிரு எழுத்தைத் திருத்தி, மாறிய நொதியைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். தம்பிக்கு இந்த இடத்தில்தான் கண் விரிந்தது. "அப்போ அது மனுஷ நொதிதானா அக்கா, இல்ல புதுசா?" என்றான். ஒரே ஒரு அமினோ அமிலம் மாற்றிய மனித நொதி என்றேன்.

இந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹவாய் பல்கலைக்கழகத்தில் லூசியா சீல், மார்லா பெர்ரி ஆகியோர் 2012இல் எலியில் பார்த்தார்கள். அந்த மரபணுவை நீக்கிய எலிகள் சாகவில்லை. ஆனால் ஈரலில் கொழுப்பு சேர்ந்தது, ரத்தத்தில் இன்சுலின் கூடியது. செலினியம் குறைந்த தீவனம் கொடுத்தபோது உடம்பும் பருத்து, நிலைமை இன்னும் மோசமானது.  எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் இந்த நொதியின் மீது பலருக்குக் கண் விழுந்ததற்கு இந்த எலிகள் ஒரு முக்கியக் காரணம்.

மூளையிலும் இதற்கு வேலை உண்டு. ஈரல் செலினோபுரோட்டீன் பி என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ஒவ்வொன்றிலும் பத்து செலினோசிஸ்டீன். மூளையும் விந்தகமும் அதைப் பிடித்து உள்ளே இழுத்து உடைத்து, செலினியத்தைக் கழற்றிக்கொள்கின்றன. மணியார்டர் மாதிரி ஈரல் அனுப்புகிறது, உறுப்புகள் பெற்றுக்கொள்கின்றன. அந்தப் புரதத்தின் மரபணுவையும் லையேஸின் மரபணுவையும் சேர்த்து நீக்கிய எலிகளுக்கு நரம்பு மண்டலமே தடுமாறியது.

குப்பியைத் திரும்பப் பார்ப்போம். 1 முதல் 445 வரை என்றிருந்தால் முழு நீள நொதி, வெட்டிச் சுருக்கியது அல்ல. மூலக்கூறின் எடை சுமார் 48 கிலோடால்டன், ஹிஸ்டிடின் வாலும் சேர்ந்தால் கொஞ்சம் கூட. தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்றிருந்தால், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது அந்த எடையில் கிட்டத்தட்ட ஒரே ஒரு தடித்த பட்டை தெரிந்தது என்று பொருள். அது தூய்மையைப் பற்றிய பேச்சு மட்டுமே. நொதி உயிரோட்டமாக வெட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. செயல்திறன் அளந்து போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடவில்லையென்றால் அது எதிர்ப்பான் (ஆன்டிபாடி) சோதனை போன்ற வேலைகளுக்குச் செய்ததாகவும் இருக்கலாம். பழுப்பு நிறத்துக்காகக் காத்திருந்து ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

கடைசியாக, ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற வரி. "இதையே மருந்தா சாப்பிட்டா செலினியம் நல்லா சேருமா?" என்று தம்பி கேட்டான், கேட்காமல் இருப்பானா. வயிற்றுக்குள் போனால் மீன் குழம்பில் இருக்கும் புரதத்துக்கு என்ன கதியோ அதே கதிதான், செரித்து அமினோ அமிலமாகிவிடும். இது செல்லுக்குள்ளே வேலை செய்யும் நொதி. வெளியிலிருந்து ஊட்டி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

"அப்போ இதை என்ன பண்றது?"

"ஐஸ் மேல வச்சு உருக்கு. பத்துப் பத்து மைக்ரோலிட்டரா சின்னக் குழாய்ல பிரிச்சு, தேதி எழுதி, மைனஸ் 80ல வை. ஒருதடவை உருக்கினதை மறுபடி உறைய வைக்காத."

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். பதினெட்டுக் குழாய்களில் பிரித்து அடுக்கி வைத்திருந்தான். ஒன்றிலும் தேதி இல்லை.